வீட்டுக்கு ஒரு சிபி ரேடியோ: குறைந்த செலவில் எதை வாங்குவது, எதை டியூன் செய்வது

சிபி ரேடியோ ('சிட்டிசன்ஸ் பேண்ட்', அதாவது 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பொதுமக்கள் ஒருவரோடொருவர் பேசும் வானொலி) வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் நல்லது?" என்றுதான். கையில் இருக்கும் பணம் அளவானது என்றால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். சட்டப்படி விற்கப்படும் கருவிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே சக்தியில்தான் பேசுகின்றன. ஏஎம், எஃப்எம், எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப் பட்டை) மூன்றும் குரலை அலையில் ஏற்றும் முறைகள். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் இரண்டிலும் 4 வாட், எஸ்எஸ்பியில் உச்சமாக 12 வாட். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இதே அளவுதான். மலிவுப் பெட்டியும் 4 வாட், அதைப்போல நான்கு மடங்கு விலையுள்ள பெட்டியும் 4 வாட். பேச்சு எவ்வளவு தூரம் போகிறது என்பது கூரைக்கு மேலே இருப்பதைப் பொறுத்தது. ஆகவே மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் ஆன்டெனா, கேபிள், கம்பம் ஆகியவற்றுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் ரேடியோ வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நீங்கள் யாரோடு பேசப்போகிறீர்கள், அவர்கள் எந்த முறையில் பேசுகிறார்கள்? அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்கள் 19ஆம் சேனலில் ஏஎம்மில் இருப்பார்கள். எஸ்எஸ்பி பிரியர்கள் 36க்கு மேல், குறிப்பாக 38இல், எஸ்எஸ்பியின் இரு வகைகளில் ஒன்றான கீழ்ப்பக்கப் பட்டையில் கூடுவார்கள். பிரிட்டனில் எஃப்எம்தான் பழைய வழக்கம். அங்கே 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பொதுவான 40 சேனல்களோடு, 27.60125இல் தொடங்கும் இன்னொரு 40 சேனலும் உண்டு. அமெரிக்கச் சந்தைக்கான பெட்டியில் அந்த இரண்டாவது நாற்பது கிடையாது. அமெரிக்காவில் எஃப்எம் அனுமதிக்கப்பட்டதே 2021இல்தான், அதற்கு முந்தைய பெட்டிகளில் அந்தப் பொத்தான் இருக்காது. சில நாடுகளில் கருவியோடு சேர்ந்தே வரும் ஆன்டெனாவுக்கு மட்டும்தான் உரிமம் இல்லாத அனுமதி. கூரையில் தனி ஆன்டெனா வைத்தால் கதை வேறு. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

வீட்டில் வைப்பதற்கென்றே மேசைக் கருவிகள் ஒரு காலத்தில் ஏராளமாக வந்தன. 1977இல் அமெரிக்காவில் 23 சேனல் 40 ஆனபோது சந்தை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பெரிய பெட்டிகளும், அடுத்து வந்த கோப்ரா 2000 மாதிரியானவையும் இன்றும் பழைய பொருள் சந்தையில் சுற்றுகின்றன. பார்க்க அழகு, கைக்கு அடக்கமான பெரிய குமிழ்கள், நேராக வீட்டு மின்சாரத்தில் ஓடும், முன்பக்க ஸ்பீக்கரில் குரல் முழுசாகக் கேட்கும். பட்ஜெட்காரர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. உள்ளே இருக்கும் மின்பகுப்புக் கெப்பாசிட்டர்கள் நாற்பது வருடத்தில் காய்ந்திருக்கும், குமிழ்களைத் திருப்பினால் கரகரக்கும், எஸ்எஸ்பியில் அலைவரிசை மெல்ல நகர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள உங்களுக்கே சால்டரிங் கைவந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் பழுது பார்க்கிற செலவு வாங்கிய விலையைத் தாண்டிவிடும்.

பழைய பெட்டிதான் வேண்டும் என்கிறவர்கள் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே சின்னச் சின்ன உலோக டப்பிகளில் காயில்கள் இருக்கும். அவற்றின் நடுவே உள்ள ஃபெரைட் திருகு நகராமலிருக்க மெழுகோ அரக்கோ ஒரு சொட்டு வைத்திருப்பார்கள். அந்தச் சொட்டு உடைந்திருந்தால், திருகின் பிளவு நொறுங்கியிருந்தால், யாரோ ஒருவர் ஸ்குரூடிரைவரோடு உள்ளே புகுந்து விளையாடியிருக்கிறார். வெட்டி விடப்பட்ட ஒயர், காலியாக நிற்கும் டிரான்சிஸ்டர் இடம் இருந்தாலும் அப்படித்தான். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கையடக்கக் கருவி இன்னொரு வழி. ஆன்டெனாவைக் கழற்றி வெளி ஆன்டெனா மாட்டலாம், மின்தடை வந்தாலும் ஓடும். ஆனால் இந்த அலைநீளம் சுமார் 11 மீட்டர். கையளவு ரப்பர் ஆன்டெனாவால் அதில் ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது. வெளி ஆன்டெனா மாட்டினால் பேச்சு சரியாகிவிடும், ஆனால் பேட்டரியோடும் அடாப்டர்களோடும் மல்லுக்கட்ட வேண்டும். காருக்கும் வீட்டுக்கும் மொட்டைமாடிக்கும் ஒரே கருவி வேண்டும் என்பவருக்குப் பொருந்தும். தினமும் மாலையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பவருக்கு வேண்டாம்.

மிச்சமிருப்பது கார் ரேடியோவை மேசையில் வைத்துப் பவர் சப்ளையில் ஓட்டுவது. பட்ஜெட்டுக்குள் வீட்டில் சிபி என்றால் என் ஓட்டு இதற்குத்தான். யூனிடென் புரோ 505 மாதிரி மிகச் சிறிய ஏஎம் பெட்டிகள் அடிமட்டத்தில் இருக்கின்றன. அதற்கு மேல் கோப்ரா 29: ஆர்எஃப் கெயின் (வரும் அலையை எவ்வளவு பெருக்குவது என்பது), மைக் கெயின் (மைக்கின் உணர்திறன்), எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) காட்டும் மீட்டர் எல்லாம் முகப்பிலேயே உண்டு. வீட்டில் வைப்பவருக்கு ஆர்எஃப் கெயின் குமிழ் ஆடம்பரம் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் பேசும்போது அவர் குரல் உடைந்து கேட்காமலிருக்க அது வேண்டும். அடிமட்டப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை அந்த ஒரு குமிழுக்காகவே கொடுக்கலாம்.

எஸ்எஸ்பி வேண்டுமா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். யூனிடென் 980, பிரசிடென்ட் மெக்கின்லி போன்றவை ஏஎம்மோடு எஸ்எஸ்பியும் தருகின்றன. இதன் பலன் உண்மையானது. ஏஎம்மில் சக்தியின் பெரும்பகுதி குரலைச் சுமக்காத வெறும் கேரியருக்குப் போய்விடுகிறது. எஸ்எஸ்பியில் கேரியரே இல்லை, எல்லாம் குரலுக்கே. வரவேற்கும் பட்டையும் பாதியாகக் குறுகுவதால் இரைச்சலும் குறையும். ஏஎம்மில் முணுமுணுப்பாகக்கூடக் கேட்காத நிலையம் எஸ்எஸ்பியில் புரிகிற அளவுக்கு வரும். அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும் 'ஸ்கிப்' பேச்சிலும் எஸ்எஸ்பிக்காரர்களே முன்னால் நிற்பார்கள். ஆனால் எதிர்முனையிலும் எஸ்எஸ்பி இருந்தால்தான் இதெல்லாம். உங்கள் வட்டாரத்தில் எல்லாரும் ஏஎம்மிலோ எஃப்எம்மிலோ இருந்தால், அந்தக் கூடுதல் பணத்தைக் கம்பத்தின் உயரத்தில் போடுங்கள். ஸ்கிப் ஆசை இருந்தால் எஸ்எஸ்பி வாங்குங்கள், அதில் இரண்டாம் யோசனை வேண்டாம்.

உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கான '10 மீட்டர் ரேடியோ' என்ற பெயரில் விற்கப்படும், ஒரு ஒயரை வெட்டினால் சிபியிலும் 50 வாட் தரும் பெட்டிகளைப் பற்றியும் கேட்பார்கள். சிபியில் அது சட்டவிரோதம். அதோடு லாபமும் நினைக்கிற அளவு இல்லை. எதிர்முனையில் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு எஸ் அலகு ஏற 6 டெசிபல் வேண்டும், அதாவது நான்கு மடங்கு சக்தி. 4 வாட்டை 16 ஆக்கினால் ஒரு கோடு ஏறும், 64 ஆக்கினால் இரண்டு. உங்களுக்குக் கேட்காதவர் இதனால் கேட்கப்போவதும் இல்லை.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். இந்தப் பெட்டிகள் 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. ஏஎம்மில் சுமார் 2 ஆம்பியர், எஸ்எஸ்பி உச்சத்தில் 3 ஆம்பியர் அளவில் இழுக்கும். 5 ஆம்பியர் தொடர்ந்து தாங்கும் சப்ளை போதும். எல்ஈடி விளக்குப் பட்டைக்கு விற்கும் 12 வோல்ட் அடாப்டர் ஓடத்தான் ஓடும், ஆனால் 27 மெகாஹெர்ட்ஸில் அதுவே ஒரு இரைச்சல் நிலையம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, கனமான, பழைய பாணி லீனியர் சப்ளை அமைதியானது. இன்னும் மலிவாக முடிக்க வேண்டுமென்றால் ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி. கேட்பதற்கு மட்டும் என்றால் பத்து மணி நேரம் தாராளமாக வரும், இரைச்சல் சுத்தமாக இல்லை, பேசாத நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஆன்டெனா. இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உயரம் என்ன செய்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில், உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வரும். இரண்டு முனைக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். எதிர்முனையில் ஒரு காரின் ஆன்டெனா 1.5 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். உங்களுடையது 4 மீட்டரில் இருந்தால் சுமார் 13 கிலோமீட்டர், 10 மீட்டரில் இருந்தால் 18. இடையில் கட்டடமும் மேடும் இருந்தால் இது குறையும், ஆனால் விகிதம் புரிகிறதல்லவா? எந்தச் சட்டமும் தடுக்காத, பழுதாகாத பூஸ்டர் இது.

எல்லாவற்றிலும் மலிவானது ஒயர் டைபோல். 5.25 மீட்டர் ஒயரை நடுவில் வெட்டி, ஒரு பாதியைக் கேபிளின் நடுக்கம்பியிலும் மறுபாதியை அதைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலிலும் இணைத்தால் ஆன்டெனா தயார். உள்ளூர்ப் பேச்சுக்கு இதைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். கார்கள் எல்லாம் செங்குத்து ஆன்டெனா வைத்திருக்கின்றன. நீங்கள் படுக்கையாகக் கட்டினால் 20 டெசிபல் வரைகூட இழக்கலாம். மரக்கிளையோ மீன்பிடிக் கண்ணாடியிழைக் கம்போ கிடைத்தால் போதும். கேபிளை நடுப்புள்ளியிலிருந்து பக்கவாட்டில் இரண்டு மீட்டராவது இழுத்துவிட்டுப் பிறகு கீழே இறக்குங்கள். அதே ஒயர் வகையில் கிரவுண்ட் பிளேன் இன்னும் வசதி: மேலே 2.6 மீட்டர் நிமிர்ந்த ஒயர், கீழே அதே நீளத்தில் நான்கு ஒயர்கள் சாய்வாக. கீழே உள்ளவற்றை 45 டிகிரியில் இறக்கினால் மின்மறுப்பு ரேடியோவும் கேபிளும் எதிர்பார்க்கும் 50 ஓம் பக்கம் வந்து நிற்கும்; தரைக்கு இணையாக நீட்டினால் 36 ஓம் அளவுக்கு இறங்கிவிடும்.

பணம் கொஞ்சம் கூடினால் ஆன்ட்ரான் 99 வகை அரை அலைக் கண்ணாடியிழைக் கம்பம். ஐந்தரை மீட்டர் உயரம், தரை ஒயர்கள் தேவையில்லை, அடியில் இரண்டு வளையங்களைத் திருகி டியூன் செய்யலாம், மாட்டுவது சுலபம். குறை ஒன்று உண்டு: தரை ஒயர் இல்லாததால் கேபிளின் வெளிப்பின்னலே ஆன்டெனாவின் பாதியாக மாறி, அலை வீட்டுக்குள் இறங்கிவரப் பார்க்கும். ஆடியோ ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்கிறது என்று வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான். ஆன்டெனாவின் அடியிலேயே கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஆறேழு சுற்றுச் சுற்றி, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பாமல் கட்டிவையுங்கள். பின்னல் வழியே இறங்கும் அலையைத் தடுக்கும், செலவே இல்லாத சோக் அது. டைபோலுக்கும் இதைச் செய்வது நல்லது.

எட்டில் ஐந்து அலைக் கம்பங்கள், அதாவது ஏழு மீட்டர் ரகம், அரை அலையைவிட ஒரு டெசிபல் சொச்சம் கூடுதல் தரும். அதற்கு ஈடாகக் காற்றுப் பிடிப்பும் எடையும் விலையும் கூடும். கம்பத்தை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்த முடியும் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு, பால்கனி இரும்புக் கம்பியிலோ தகரக் கூரையிலோ கார் காந்த ஆன்டெனாவை ஒட்டுவது ஒரு வழி. அடியில் பெரிய உலோகப் பரப்பு இல்லாமல் மேசைமேல் வைத்தால் எஸ்டபிள்யூஆர் இறங்கவே இறங்காது.

எதை வைத்தாலும், கம்பம் சாய்ந்து விழுந்தால்கூட மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நடுங்கள். இடி வரும்போது கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள்.

கேபிளில் பயமுறுத்தல் அதிகம். 15 மீட்டருக்குள் என்றால் மெல்லிய ஆர்ஜி 58இல்கூட இழப்பு ஒரு டெசிபலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 4 வாட்டில் 3 வாட் மேலே போய்ச் சேரும். எதிர்முனைக் காதுக்கு வித்தியாசம் தெரியாது. 30 மீட்டர் போகிறது என்றால் ஆர்ஜி 213 மாதிரித் தடித்ததை வாங்குங்கள். கவனம் வேண்டியது முனைகளில்தான். பிஎல் 259 கனெக்டரைப் பற்றவைக்கும்போது சூடு அதிகமாகிப் பிளாஸ்டிக் உருகி, நடுக்கம்பி ஒருபக்கம் ஒதுங்கிப் பின்னலைத் தொட்டுவிடும். மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு மாட்டுங்கள். வெளியே இருக்கும் இணைப்பில் தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றாவிட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் பின்னலுக்குள் ஏறும். கேபிள் கட்டாயம் 18 அடிதான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி காலங்காலமாக உலவுகிறது. சரியாகப் பொருந்திய ஆன்டெனாவுக்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை. நீளத்தை மாற்றினால் எஸ்டபிள்யூஆர் கணிசமாக மாறுகிறது என்றால், மேலே சொன்ன சோக் உங்களுக்குத் தேவை என்று அர்த்தம்.

டியூனிங் என்றால் முதலில் ஆன்டெனாவை டியூன் செய்வது. ஒரு சாதாரண எஸ்டபிள்யூஆர் மீட்டரும் ஒரு சிறு இணைப்புக் கேபிளும் போதும். ஆன்டெனா தன் நிரந்தர இடத்தில் இருக்க வேண்டும். தரையில் வைத்துப் பார்த்த அளவு மேலே ஏற்றியதும் மாறிவிடும். காலியான சேனலா என்று கேட்டுவிட்டு, மீட்டரை முன்னோக்கில் (FWD) வைத்து, மைக்கை அழுத்தி, முள்ளைக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுவந்து, எதிரொளிப்புக்கு (REF) மாற்றிப் படியுங்கள். இதை 1, 20, 40 மூன்று சேனலிலும் செய்யுங்கள். 40இல் அதிகம் என்றால் ஆன்டெனா நீளம், 1இல் அதிகம் என்றால் குட்டை.

டைபோலை ஒவ்வொரு கையும் 2.70 மீட்டராக வெட்டித் தொடங்கினீர்கள் என்று வையுங்கள். 1ஆம் சேனலில் 1.6, 40இல் 2.2 என்கிற மாதிரி ஏதோ ஒன்று வரும். நீளம் கூடுதல். ஒவ்வொரு கையிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் ஒத்ததிர்வு (ஆன்டெனா சரியாகப் பொருந்தும் அலைவரிசை) ஏறக்குறைய 100 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். 40 சேனலின் மொத்த அகலமே 440 கிலோஹெர்ட்ஸ்தான். ஆகவே முதலில் 4 சென்டிமீட்டரை மடக்கித் திருகிவிடுங்கள், வெட்டாதீர்கள். அளந்து பாருங்கள். இன்னும் 40 பக்கமே அதிகமாக இருந்தால் மேலும் இரண்டு, மூன்று. இரண்டு ஓரங்களிலும் அளவு சமமாகி, 20இல் அதைவிடக் குறைவாக வந்தால் முடிந்தது. மூன்று சேனலிலும் ஒரே மாதிரி 3க்கு மேல் நின்றால் நீளத்தைத் தொடவே தொடாதீர்கள், கனெக்டரையோ கேபிளையோ பாருங்கள். நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவுக்கருவி கையில் இருந்தால் மைக்கை அழுத்தாமலே முழு வளைகோட்டையும் பார்க்கலாம். ஆனால் அதற்குள் தவறியும் ரேடியோவின் சக்தியை அனுப்பாதீர்கள், கருகிவிடும்.

எஸ்டபிள்யூஆர் 1.5 வந்தால் நிறுத்திவிடலாம். அந்த அளவில் திரும்பி வருவது சக்தியில் 4 சதவீதம். 2இல்கூட 11 சதவீதம்தான். 1.1க்காக நாள் முழுவதும் ஏணியில் ஏறி இறங்குபவர்களுக்கு அது ஒரு தனிப் பொழுதுபோக்கு.

பெட்டிக்குள்ளே திருகுகளைத் திருப்பிச் சக்தியைக் கூட்டும் 'பீக் டியூன்' வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். 4 வாட் 6 ஆகும், அது 1.8 டெசிபல், எஸ் மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறாது. குரல் வரம்பைக் கட்டுப்படுத்தும் சுற்றை வெட்டி எறிந்தால் முள் நன்றாக ஆடும், ஆனால் ஏஎம்மில் பண்பேற்றம் (குரல் கேரியரை அசைக்கும் அளவு) நூறு சதவீதத்தைத் தாண்டியதும் குரல் கிழிந்து பக்கத்துச் சேனல்களில் தெறிக்கும். பெட்டியின் சட்ட அங்கீகாரமும் போய்விடும். மைக்கை வாயிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்துப் பேசினாலே குரல் பாதி தெளிந்துவிடும். மைக் கெயினை எதிர்முனையில் ஒருவரைக் கேட்டுச் சொல்லச் சொல்லி வையுங்கள். பின்னால் ஓடும் மின்விசிறியும் சேர்ந்து கேட்கிறது என்றால் அதிகம்.

கேட்கும் பக்கம்தான் வீட்டு நிலையங்களின் பெரிய தலைவலி. காரில் சுத்தமாகக் கேட்டவர் வீட்டில் இரைச்சலுக்குள் புதைந்துபோவார். ஸ்குவெல்சை (வலுவில்லாத ஒலியை அடைத்துவிடும் குமிழ்) ஏற்றினால் இரைச்சல் மறையும், கூடவே அவரும் மறைவார். இதைத் தேட ஒரு நேரடி வழி: ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டி, ஏஎம்மில் ஸ்குவெல்சை முழுவதும் திறந்து, எஸ் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். முள் 7இலிருந்து 2க்கு விழுந்தால் திருடன் வீட்டுக்குள் இருக்கிறான். வீட்டின் ஒவ்வொரு மின்சுற்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் எந்த அறை என்று தெரிந்துவிடும். பிறகு அந்த அறையில் ஒவ்வொரு பிளக்காக. பெரும்பாலும் போன் சார்ஜர், எல்ஈடி விளக்கு, இணைய ரவுட்டரின் அடாப்டர், சோலார் இன்வெர்ட்டர் இவற்றில் ஒன்று. நாய்ஸ் பிளாங்கர் பொத்தான் எஞ்சின் தீப்பொறி மாதிரி வெட்டி வெட்டி வரும் இரைச்சலுக்கு நன்றாக வேலை செய்யும், தொடர்ச்சியான இந்தச் சீறலுக்கு உதவாது. அடாப்டரை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் அதன் ஒயரை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மெயினை அணைத்தும் முள் அசையவில்லை என்றால் இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. அப்போது ஆன்டெனாவை வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பத்திலிருந்தும் தள்ளி, தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய் நட்டுப் பாருங்கள். கேபிள் பத்து மீட்டர் கூடினாலும் பரவாயில்லை.